தொப்பி நாதம் தொலையும் இடம்

பாலக்காடு மணி ஐயர் 1960-களில் மைக்கை எதிர்த்து நின்றார். மைக் வைத்த மேடையில் வாசிக்க மாட்டேன் என்பது அவருடைய பிடிவாதம். கல்பாத்தியை ஒட்டிய சாத்தபுரத்தில் சுப்பய்யரிடம் பாடம் தொடங்கி, பின்பு தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம் பயின்றவர் அவர். சென்னை மியூசிக் அகாடமி முதன்முதலாக ஒரு மிருதங்க வித்வானுக்கு சங்கீத கலாநிதி பட்டம் கொடுத்தபோது, 1966-ல், அது அவருக்கே போய்ச் சேர்ந்தது. அப்படிப்பட்டவரின் காது ஒலிபெருக்கி மீது குற்றம் சொல்கிறது என்றால் அதில் பொருள் இருக்கத்தான் செய்யும்.

மைக்கில் தொடங்கி ஸ்பீக்கரில் முடியும் பாதையில் நாதம் கெடுவதற்கு எத்தனையோ இடங்கள் உண்டு. மைக்கை வைத்த கோணம், கூடத்தின் எதிரொலி, கூம்பு ஸ்பீக்கர் என்று அந்தப் பட்டியல் நீளும். எல்லோர் கண்ணுக்கும் தப்புவது ஒரு சிறு வயர். மெல்லிய ஒலியை முதலில் பெருக்கும் ப்ரீ ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கத்திலிருந்து, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் வயர்தான் அது. முன்னது வால்விலும் பின்னது டிரான்சிஸ்டரிலும் இயங்கினால் அந்த இணைப்பில் நடப்பதைத் தனியாகவே கவனிக்க வேண்டும்.

இந்த இரண்டையும் ஏன் ஜோடி சேர்க்க வேண்டும்? காரணம் எளிது. ஒலியின் பலத்தைக் கூட்டும் வேலையை வால்வுகளிடம் கொடுத்தால் செலவு ஏறிவிடும். இ.எல்.34 என்ற பவர் வால்வு ஒன்றின் ஹீட்டர் மட்டும் 6.3 வோல்ட்டில் 1.5 ஆம்பியர், அதாவது ஒன்பதரை வாட் வாங்கும். ஜோடியாகப் போட்டால் 35 வாட் அளவுக்கு ஒலி கிடைக்கும். ஆனால் கனத்த அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வேண்டும்; விலையில் பெரும்பகுதியை அது தின்றுவிடும். அதே வேலையை டிரான்சிஸ்டர் சிக்கனமாக, டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமலே செய்கிறது; நாலு ஓம் ஸ்பீக்கரையும் சளைக்காமல் ஓட்டுகிறது. முன்வரிசையில் வேலை செய்யும் இ.சி.சி.83 என்ற சிறு வால்வோ இரண்டு வாட்டுக்கும் குறைவான ஹீட்டரோடு, ஒரே கண்ணாடிக் குழாய்க்குள், கேதோடு, கிரிட், ஆனோடு என்ற மூன்று முனைகள் கொண்ட இரண்டு டிரயோடுகளாக இருக்கிறது. பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961-ல் ரேடியோ வால்வுகள் செய்யத் தொடங்கிய பிறகு இப்படிப்பட்ட வால்வுகள் நம் நாட்டிலேயே கிடைத்தன. அமெரிக்காவின் மினியாபொலிஸில் 1970-ல் பிறந்த ஆடியோ ரிசர்ச் நிறுவனம், உலகமே டிரான்சிஸ்டருக்கு மாறிக்கொண்டிருந்த நேரத்தில் வால்வை விடாமல் பிடித்துக்கொண்டு பெயர் வாங்கியது. அதன் ப்ரீ ஆம்பை டிரான்சிஸ்டர் பவர் ஆம்போடு இணைத்துக் கேட்டவர்களும் உண்டு.

ஜோடி நல்ல ஜோடிதான். சேர்க்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் எதைக் காப்பாற்றப் போகிறோம் என்று தெரிய வேண்டும். சி.வி.ராமனும் சிவகாளி குமாரும் 1920-ல் ‘நேச்சர்’ இதழில் இந்திய மத்தளங்களைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார்கள். சாதாரணத் தோல் வாத்தியத்தைத் தட்டினால் ஒன்றோடொன்று ஒட்டாத அதிர்வுகள் எழும். சுருதி என்று சொல்ல எதுவும் நிற்காது. மிருதங்கத்தின் வலந்தலையில் கறுப்பாகப் பூசியிருக்கும் கரணை அந்த அதிர்வுகளை இழுத்துப் பிடித்து, அடிநாதத்தின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்ற ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது என்பதை ராமன் காட்டினார். இடப்பக்கத்துத் தொப்பி வேறு மாதிரி. கச்சேரிக்கு முன் அதில் ரவையைப் பிசைந்து அப்புவார்கள். அந்த எடையால் அதன் ஒலி கீழே இறங்கும். உள்ளங்கையால் அழுத்தி இழுக்கும்போது பிறக்கும் கும்கியின் பலமெல்லாம் 100 ஹெர்ட்ஸை ஒட்டிய தாழ்ந்த வட்டாரத்தில் இருக்கிறது. செண்டையும் மத்தளமும் மிருதங்கமும் செய்யும் பெருவெம்பு கிராமம் பாலக்காட்டுக்குப் பக்கத்தில்தான். மந்திர ஸ்தாயியில் பாடியே மனசைக் கரைத்த எம்.டி.ராமநாதன் பிறந்த மஞ்சப்ராவும் இதே மாவட்டத்தில் இருக்கிறது. தாழ்ந்த நாதத்தை நேசிக்கும் ஊர் இது. அந்த நாதம்தான் தப்பான இணைப்பில் முதலில் தொலைகிறது.

சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தோப்புகளில் கிணற்று மோட்டாரைப் போட்டதும் வீட்டு விளக்கு ஒரு கணம் மங்கும். மோட்டார் கேட்கும் கரன்ட்டைக் கொடுக்கும் வழியில் கம்பியின் மின்தடை குறுக்கே நிற்பதால் வோல்டேஜின் ஒரு பங்கு அங்கேயே செலவாகிவிடுகிறது. ப்ரீ ஆம்புக்கும் அப்படி ஒரு உள்தடை உண்டு. ரேடியோ மெக்கானிக்குகள் அதை அவுட்புட் இம்பீடன்ஸ் என்பார்கள். பவர் ஆம்ப் கேட்கும் பளுவுக்கு இன்புட் இம்பீடன்ஸ் என்று பெயர். பளு ஓம் கணக்கில் எவ்வளவு பெரிதோ அவ்வளவு குறைவாகத்தான் கரன்ட் கேட்கும். ஆகவே பவர் ஆம்பின் இன்புட், ப்ரீ ஆம்பின் அவுட்புட்டைப் போல் பத்து மடங்காவது இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. பத்து மடங்கு இருந்தால் இழப்பு ஒரு டெசிபலுக்குள் அடங்கிவிடும்.

இதைக் கண்ணால் பார்க்க மீட்டர் ஒன்று போதும். மீட்டர் என்றால் பாலக்காட்டுக்கு அதில் சொந்தக் கதை உண்டு. டி.பி.ஜி.நம்பியார் 1963-ல் பாலக்காட்டில் பி.பி.எல். நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னாளில் வீட்டுக்கு வீடு கலர் டி.வி.யாக அறிமுகமான அந்தப் பெயர், பிரிட்டிஷ் பிசிக்கல் லேபரட்டரீஸ் என்பதன் சுருக்கம். ராணுவத்துக்காகக் காற்றுப் புகாமல் மூடி முத்திரையிட்ட துல்லியமான பேனல் மீட்டர்கள்தான் அதன் முதல் சரக்கு. முள் மீட்டர் எதுவாக இருந்தாலும், தான் அளக்கும் இடத்திலிருந்து கொஞ்சம் கரன்ட்டை உறிஞ்சித்தான் முள்ளை நகர்த்தும்.

இ.சி.சி.83-ன் ஆனோடில் 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு, 250 வோல்ட் சப்ளை கொடுத்து, ஆனோடில் 150 வோல்ட் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வோல்ட்டுக்கு ஆயிரம் ஓம் என்ற மலிவான மீட்டரை 250 வோல்ட் ரேஞ்சில் வைத்தால் அதன் மொத்தத் தடை 250 கிலோ ஓம். அதை ஆனோடில் தொட்டதும் முள் 130-ஐ ஒட்டி நிற்கும். மீட்டர் பொய் சொல்லவில்லை. அது தொட்டதனால் அங்கே நிஜமாகவே 130-தான் இருக்கிறது. வோல்ட்டுக்கு 20,000 ஓம் உள்ள மீட்டரை எடுத்தால் தடை 50 லட்சம் ஓம் ஆகிவிடும். முள் 149-ஐத் தொடும். மலிவான மீட்டர் இருபது வோல்ட்டை விழுங்கியதைப் பார்த்தவருக்கு, பவர் ஆம்ப் அதே இடத்தில் என்ன செய்யும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கணக்கையே போட்டுவிடலாம். இ.சி.சி.83-ன் உள்தடை 62.5 கிலோ ஓம். ஆனோடு ரெசிஸ்டர் அதற்கு இணையாக நிற்பதால், ஆனோடிலிருந்து நேராக எடுக்கும் அவுட்புட்டின் இம்பீடன்ஸ் 38 கிலோ ஓமுக்குச் சற்று மேலே வரும். பழைய வால்வு பவர் ஆம்பின் முதல் கிரிட் 470 கிலோ ஓம் பளுவைத்தான் காட்டும். பத்து மடங்குக்கும் மேல், எந்தக் குறையும் இல்லை. டிரான்சிஸ்டர் பவர் ஆம்போ 47 கிலோ ஓம், பல சமயம் வெறும் 10 கிலோ ஓம். பத்து கிலோ ஓமைத் தொங்கவிட்டால் அறுபது மடங்கு பெருக்கிய வால்வு பதின்மூன்று மடங்குக்கு இறங்கிவிடும். சத்தம் குறைவது பெரிய விஷயமில்லை, வால்யூமைக் கூட்டிக்கொள்ளலாம். வால்வு தன் சக்திக்கு மீறிய பளுவை இழுக்கும்போது அலையின் மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே மாதிரி வராமல் கோணலாகின்றன. அதுதான் வருத்தம்.

இதற்கு மெக்கானிக்குகளுக்குத் தெரிந்த மருந்து கேதோடு ஃபாலோயர். இரண்டாவது டிரயோடின் ஆனோடுக்குப் பதிலாகக் கேதோடிலிருந்து அவுட்புட்டை எடுப்பார்கள். பெருக்கம் எதுவும் கிடைக்காது. இம்பீடன்ஸ் மட்டும் 38 கிலோ ஓமிலிருந்து 600 ஓம் அளவுக்குச் சரிந்துவிடும். பத்து கிலோ ஓம் பளு இப்போது பதினாறு மடங்கு. பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றும்.

இங்கேதான் தொப்பி காணாமல் போகிறது.

வால்வின் அவுட்புட்டில் நூறு, நூற்றைம்பது வோல்ட் டி.சி. நிற்கும். அதைத் தடுத்துப் பாட்டை மட்டும் வெளியே விட ஒரு கண்டென்சர் உண்டு. வால்வு பவர் ஆம்பை மனதில் வைத்து வரைந்த பழைய சர்க்யூட்டுகளில் அது பெரும்பாலும் 0.1 மைக்ரோஃபாரட். எதிரே 470 கிலோ ஓம் இருந்தால் அந்தக் கண்டென்சர் நாலு ஹெர்ட்ஸுக்கும் கீழே வரை எல்லாவற்றையும் கடத்திவிடும். மனிதக் காதுக்கு அது தேவைக்கு மேல். எதிரே 10 கிலோ ஓம் வந்ததும் அதே கண்டென்சரின் எல்லை 150 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடுகிறது. எல்லைக்குக் கீழே போகப்போக ஒலி வடிந்துகொண்டே போகும். 100 ஹெர்ட்ஸில் வோல்டேஜ் பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். 60 ஹெர்ட்ஸில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். வலந்தலையின் சாப்பு பளிச்சென்று கேட்கும். தம்புராவும் இருக்கும். கும்கி மட்டும் எலும்பில்லாமல் ஒலிக்கும். பாட்டுக் கேட்பவர் ஸ்பீக்கரைக் குறை சொல்வார், ரெக்கார்டைக் குறை சொல்வார். எட்டணா பெறாத கண்டென்சர் மேல் சந்தேகமே வராது. அதைக் கழற்றி 2.2 மைக்ரோஃபாரட் பாலிபுரோப்பிலீன் கண்டென்சரைப் போட்டால் எல்லை ஏழு ஹெர்ட்ஸுக்கு இறங்கி, தொப்பி திரும்பிவிடும்.

மேல்ஸ்தாயிக்கு வேறு எதிரி. ஷீல்டு வயர் ஒவ்வொரு மீட்டரும் ஏறத்தாழ 100 பிகோஃபாரட் கண்டென்சருக்குச் சமம். வீட்டில் ஒரு மீட்டர் வயர் போதும். கல்பாத்தி ரதோற்சவம் போன்ற திருவிழாவில் மேடையிலிருந்து ஆம்ப்ளிஃபையர் நிற்கும் இடம் வரை 30 மீட்டர் வயர் ஓடினால் 3,000 பிகோஃபாரட் சேர்ந்துவிடும். ஆனோடிலிருந்து நேராக எடுத்த 38 கிலோ ஓம் அவுட்புட், 47 கிலோ ஓம் பவர் ஆம்பை அந்த வயர் வழியாக ஓட்ட வேண்டும் என்றால் 2,500 ஹெர்ட்ஸிலிருந்தே ஒலி வடியத் தொடங்கும். வலந்தலை அடியின் கூர்மை, பாடகரின் சொல் தெளிவு இரண்டும் பெரும்பாலும் அதற்கு மேலேதான் உயிர் வைத்திருக்கின்றன. கேதோடு ஃபாலோயரின் 600 ஓமோ அதே வயரை எண்பதாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலும் சிரமமில்லாமல் ஓட்டும். வால்வின் ‘இதமான’ ஒலி என்று பலர் கொண்டாடுவதில் ஒரு பகுதி, இப்படி வயரில் வடிந்துபோன ட்ரெபிளாக இருக்க வாய்ப்புண்டு. ஒரு வோல்ட் அளவில் வேலை செய்யும் நல்ல டிரயோடு தன் பங்குக்குச் சேர்க்கும் நிறம் மிகவும் கொஞ்சம்தான்.

பவர் ஆம்ப் வாங்கப் போனால் அதன் தாளில் 0.775 வோல்ட் என்று ஒரு எண் அடிக்கடி கண்ணில் படும். அந்த அளவு வந்தால் ஆம்ப் முழு பலத்தில் ஒலிக்கும் என்று பொருள். எண் டெலிபோனிலிருந்து வந்தது. 600 ஓம் லைனில் ஒரு மில்லிவாட் ஓடினால் அதன் வோல்டேஜ் 0.775. பாலக்காட்டைத் தாண்டி வாளையாறு எல்லைக்குப் போகும் வழியில் கஞ்சிக்கோட்டில் இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் (ஐ.டி.ஐ.) நிறுவனத்தின் ஆலை இருக்கிறது. டெலிபோன் தொழிலில் அனுப்பும் முனையும் வாங்கும் முனையும் ஒரே இம்பீடன்ஸில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் நீண்ட லைனில் பேசியது எதிரொலியாகத் திரும்பி வரும். வீட்டு ஆம்ப்ளிஃபையரில் சில மீட்டர் வயருக்கு அந்தக் கவலை இல்லை. டெலிபோன் விதியை நம்பி 600 ஓம் அவுட்புட்டுக்கு 600 ஓம் பளுவைக் கொடுத்தால், ஒரு மில்லிஆம்பியரில் இயங்கும் இ.சி.சி.83 அதில் 0.6 வோல்ட் உச்சியைத் தாண்டுவதற்குள் மூச்சு முட்டிவிடும்.

0.775 வோல்ட் இன்னொரு தொல்லையையும் கூட்டி வருகிறது. வால்வு ப்ரீ ஆம்ப் இருபது வோல்ட்டைக்கூட அலட்டாமல் கொடுக்கும். பவர் ஆம்புக்கோ ஒரு வோல்ட் போதும். அதனால் வால்யூம் குமிழை எட்டு மணி நிலைக்கு மேல் திருப்பவே முடியாது. அந்தக் குமிழுக்குப் பின்னால் இருக்கும் வால்வின் ஹம்மும் இரைச்சலும் குறையாமல் நேராக ஸ்பீக்கருக்குப் போகும். ராத்திரி அமைதியில் ஆலாபனைக்கு அடியில் அந்த ஹம் ஓடிக்கொண்டே இருப்பது கேட்பவரை உறுத்தும்.

இதற்கு இரண்டே ரெசிஸ்டர் போதும். பவர் ஆம்பின் இன்புட் சாக்கெட்டிலேயே, பாட்டு வரும் வழியில் 47 கிலோ ஓம் ஒன்றும், அதைத் தாண்டி எர்த்துக்கு 4.7 கிலோ ஓம் ஒன்றும் சோல்டர் செய்ய வேண்டும். பவர் ஆம்பின் சொந்த இன்புட் 47 கிலோ ஓம் என்றால் வோல்டேஜ் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறையும். ஹம்மும் அதே கணக்கில் குறையும். குமிழ் நடுப்பகுதிக்கு ஏறும். அதோடு, ப்ரீ ஆம்பின் கண்ணுக்குப் பளு 50 கிலோ ஓமாகத் தெரியும், பவர் ஆம்ப் 10 கிலோ ஓமாக இருந்தாலும்கூட. கேதோடு ஃபாலோயருக்கு அது பஞ்சு மாதிரி. அரை மைக்ரோஃபாரட் கண்டென்சரே தொப்பிக்குப் போதுமானதாகிவிடும். இந்த அத்தியாயத்தில் சொல்லும் எல்லா வைத்தியத்திலும் மலிவானதும் பலன் அதிகமானதும் இதுதான். ரெசிஸ்டர்களைப் பவர் ஆம்ப் முனையில் வைப்பது முக்கியம். ப்ரீ ஆம்ப் முனையில் வைத்தால் நீண்ட வயரை 4 கிலோ ஓம் ஓட்ட வேண்டிவரும்.

இடுக்கி மலைக்கு ஏறினால் கணக்கில் புதிதாக ஒன்று சேரும். 1940-ல் மூணாறுக்குப் பக்கத்தில் ஓடத் தொடங்கிய பள்ளிவாசல் நிலையம்தான் கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம். மின்சாரம் பிறக்கும் மலை என்றாலும், நீளமான கம்பியின் கடைக்கோடியில் இருக்கும் தேயிலைத் தோட்டத்து லயங்களுக்கு விளக்கேற்றும் நேரத்தில் முழு வோல்டேஜ் வந்து சேரும் என்று சொல்ல முடியாது. 230 வோல்ட் 180 ஆக இறங்கினால் 6.3 வோல்ட் ஹீட்டர் 4.9-ல் நிற்கும். வால்வு ஹீட்டருக்குப் பத்து சதவீதம் கூடக்குறைய இருக்கலாம். இது இருபதைத் தாண்டுகிறது. கேதோடு சூடாகாமல் எலெக்ட்ரான்கள் போதிய அளவு கிளம்பாது, பாட்டு சோர்ந்துவிடும். டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப் பலம் குறைந்தாலும் பேசிக்கொண்டிருக்கும். ஆகவே இந்த ஜோடியில் ஸ்டெபிலைசர் வால்வுக்குத்தான் அவசியம். சிறு ப்ரீ ஆம்புக்குச் சிறு ஸ்டெபிலைசரே போதும்.

மலையில் ஈரமும் சேர்ந்துகொள்கிறது. பழைய ரேடியோக்களில் உள்ள காகிதக் கண்டென்சர்கள் மழைக்காலத்து ஈரத்தை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். 150 வோல்ட்டைத் தடுக்க வேண்டிய கண்டென்சரின் கசிவுத் தடை ஒரு கோடி ஓமாக இறங்கிவிட்டால், 47 கிலோ ஓம் இன்புட்டில் 0.7 வோல்ட் டி.சி. நிற்கும். பவர் ஆம்ப் டி.சி.யையும் சேர்த்து இருபது மடங்கு பெருக்கும் வகை என்றால் ஸ்பீக்கர் சுருளில் பதினாலு வோல்ட் உட்கார்ந்துகொள்ளும். வால்வு பவர் ஆம்பில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் டி.சி.யை ஸ்பீக்கர் பக்கம் விடாது. டிரான்சிஸ்டர் ஆம்பில் அந்தக் காவல் இல்லை, சுருள் புகைந்துவிடும்.

நல்ல கண்டென்சரானாலும் சுவிட்ச் போடும் நேரத்தில் ஆபத்து உண்டு. வால்வு சூடாக இருபது வினாடியாவது ஆகும். அதுவரை கேதோடு ஃபாலோயரின் கேதோடு பூஜ்யத்தில் கிடக்கும். சூடேறியதும் நூறு வோல்ட்டைத் தாண்டி எழும்பும். அந்த எழுச்சி கண்டென்சர் வழியாகப் பாய்ந்து வெளியே வரும்போது, சுவிட்ச் போட்ட மறுகணமே விழித்துக்கொண்ட டிரான்சிஸ்டர் ஆம்ப் அதைப் பெருக்கி, ஸ்பீக்கர் கூம்பை வெளியே தள்ளும். பெரிய ‘தொம்’ கேட்கும். பேஸை மீட்கப் பெரிய கண்டென்சர் போட்டிருந்தால் இந்தத் தள்ளல் இன்னும் நீளும்.

எனவே இணைப்பதற்கு முன் மீட்டரை எடுக்க வேண்டும். ப்ரீ ஆம்பின் அவுட்புட்டிலிருந்து எர்த்துக்கு ஒரு 1 மெக் ஓம் ரெசிஸ்டரை நிரந்தரமாகப் போட்டு, பவர் ஆம்பைச் சேர்க்காமல் ப்ரீ ஆம்பை மட்டும் ஓடவிட்டு, வால்வு சூடேறி ஐந்து நிமிடம் ஆனபின் அவுட்புட்டில் டி.சி. வோல்டேஜை அளக்க வேண்டும். சில மில்லிவோல்ட் என்றால் கண்டென்சர் ஆரோக்கியம். அரை வோல்ட் காட்டினால் 400 அல்லது 630 வோல்ட் தாங்கும் புதிய பாலிபுரோப்பிலீன் கண்டென்சரை மாற்றாமல் பவர் ஆம்பைத் தொடவே கூடாது. அதன்பின் தினசரி உபயோகத்தில் ப்ரீ ஆம்பை முதலில் போட்டு, ஒரு நிமிடம் கழித்துப் பவர் ஆம்பைப் போட வேண்டும். நிறுத்தும்போது பவர் ஆம்பை முதலில் அணைத்து, அதன் உள்ளே இருக்கும் பெரிய கண்டென்சர்கள் காலியாகிச் சத்தம் தானாக ஓய்ந்தபின் ப்ரீ ஆம்பை அணைக்க வேண்டும்.